புதிய கூன்வண்டு இனத்தின் உடலமைப்பு விவரிப்பை எப்படிப் படிப்பது?

கேள்வி: இளவேனில்_விலங்கியல்

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். வெப்பமண்டலக் காடுகளில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு வண்டு இனத்தின் உடலமைப்பை அறிவியல் எவ்வாறு எழுத்தில் பதிவு செய்கிறது என்பதை வகுப்பில் விளக்க வேண்டியிருக்கிறது. அதற்காக இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் டிரைகோனாப்டெரஸ் என்னும் கூன்வண்டுப் பேரினத்தைப் பற்றி 2019-இல் வெளிவந்த கட்டுரையை எடுத்துக்கொண்டேன். அந்த ஒரே கட்டுரையில் 103 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அதற்கு முன்பு இப்பேரினத்தைச் சேர்ந்ததாக அத்தீவிலிருந்து அறியப்பட்டிருந்தது 1885-இல் விவரிக்கப்பட்ட ஒரேயோர் இனம்தான்.

படிக்கத் தொடங்கிய பிறகுதான் குழப்பங்கள் எழுந்தன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பத்தி அளவே விவரிப்பு இருக்கிறது. அதிலும் பல வாக்கியங்கள் அடுத்தடுத்த இனங்களில் சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வருகின்றன. கரப்பான்பூச்சியின் உடலமைப்பைப் படித்தபோது உணவுக்குழல், இதயம், நரம்பு வடம், மூச்சுக்குழல்கள் என்று அனைத்தையும் படித்தோம். இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. மாறாக ஆணின் கலவி உறுப்பைப் பற்றி மிக நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்தப் பேரினத்தின் காலில் திருகு போன்ற மூட்டு இருப்பதாக முன்பே படித்திருக்கிறேன். அவ்வளவு சிறப்பான அமைப்பைப் பற்றி எந்த இனத்தின் விவரிப்பிலும் ஒரு சொல்லும் காணப்படவில்லை. உடல் நீளத்தைத் தலையை விட்டுவிட்டு அளப்பது ஏன் என்பதும் விளங்கவில்லை. இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: சிறகுறை

வணக்கம். நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது நல்ல எடுத்துக்காட்டு. பூச்சி வகைப்பாட்டில் வேலை செய்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவரை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கரப்பான்பூச்சிப் பாடம், ஒரு பூச்சியின் உடல் எப்படி இயங்குகிறது என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. புதிய இனத்தின் விவரிப்புக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு: இந்த வண்டை இதற்கு மிக நெருங்கிய உறவினங்களிலிருந்து எதைக் கொண்டு பிரித்தறிவது? குடலும் நரம்பு வடமும் நெருங்கிய இனங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அது மட்டுமல்லாமல், அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தியோ அட்டையில் ஒட்டியோ வைக்கப்படும் வண்டில் மெல்லிய உறுப்புகள் காய்ந்து சுருங்கிவிடும். நூறாண்டு கழித்து ஒருவர் அதே பெட்டியைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும்போது மாறாமல் இருப்பது கைட்டின் நிறைந்த புறச்சட்டகம் ஒன்றே. ஆகவே விவரிப்பு அதையே நம்பி எழுதப்படுகிறது.

இப்போது அந்தப் பத்தியை வரிசைப்படி பார்ப்போம். முதலில் ஹோலோடைப், அதன் பால், அதன் நீளம் ஆகியவை வரும். ஹோலோடைப் என்பது அந்த இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மாதிரி. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் எல்லோரும் திரும்பிச் செல்ல வேண்டிய உடல் அதுதான். நீளத்தில் தலையைச் சேர்க்காததற்குக் காரணம் எளிது. கூன்வண்டின் தலை மூக்குபோல் நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். டிரைகோனாப்டெரஸ் அந்த மூக்கை மார்பின் அடிப்பக்கத்திலுள்ள ஒரு பள்ளத்துக்குள் முழுவதுமாக மடக்கி வைத்துக்கொள்ளக்கூடியது. இறந்த வண்டில் மூக்கு எந்தக் கோணத்திலும் நின்றுவிடலாம் என்பதால், அதைச் சேர்த்து அளந்தால் ஒரே வண்டுக்கு இரண்டு பேர் இரண்டு அளவுகளைத் தருவார்கள். முன்மார்பின் முன் விளிம்பிலிருந்து முன்னிறக்கைகளின் நுனி வரை அளந்தால் அந்தச் சிக்கல் எழாது.

அடுத்து நிறம் வரும். நிறத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து அண்மையில் வெளிவந்த வண்டின் சட்டகம் முழுவதும் இறுகியிருக்காது. கறுப்பாக வேண்டிய வண்டு செம்பழுப்பாகத் தெரியும். பிறகு உடலின் வெளிக்கோடு. மேலிருந்து பார்க்கும்போது முன்மார்புக்கும் முன்னிறக்கைகளுக்கும் இடையில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கிறதா, பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதுகுக் கோடு சீராக வளைகிறதா அல்லது அந்த இடத்தில் உள்வாங்குகிறதா என்று எழுதுவார்கள்.

மூக்கின் மேற்பரப்பில் நடுமுகடும் அதன் இருபுறமும் துணை முகடுகளும் இருக்கின்றனவா, அவற்றுக்கிடையிலுள்ள பள்ளங்களில் செதில்கள் வரிசையாக நிற்கின்றனவா என்பன அடுத்தவை. இங்கே பால் வேறுபாட்டையும் கவனியுங்கள். கூன்வண்டுகளில் பொதுவாகப் பெண்ணின் மூக்கு ஆணின் மூக்கைவிட மெலிந்தும் வழுவழுப்பாகவும் இருக்கும். இதை அறியாதவர் ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரு இனங்களாகப் பிரித்துவிடக்கூடும்.

முன்மார்பின் முதுகுத் தகட்டிலும் முன்னிறக்கைகளிலும் உள்ள நுண்துளைகளைப் பற்றிய வாக்கியங்கள்தான் உங்களுக்கு அலுப்பைத் தந்திருக்க வேண்டும். ஆனால் முனைப்போடு படிக்க வேண்டியவை அவையே. துளைகள் நெருக்கமாக இருக்கின்றனவா, அவற்றுக்கிடையிலுள்ள பரப்பு பளபளப்பானதா அல்லது நுண்வலை படர்ந்து மங்கலாக இருக்கிறதா, ஒவ்வொரு துளையிலிருந்தும் செதில் எழுகிறதா, முன்னிறக்கைகளின் நெடுக்குவரிகள் ஆழமாக வெட்டப்பட்டுள்ளனவா அல்லது சிறு துளைகளின் வரிசையாக மட்டும் தெரிகின்றனவா என்பவை ஒவ்வொன்றும் இரண்டு இனங்களைப் பிரிக்கும் அடையாளமாகலாம். காய்ந்த வண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி ஒளியைச் சாய்வாக விழச் செய்து பாருங்கள். நேரான ஒளியில் வழுவழுப்பாகத் தெரிந்த பரப்பில் அப்போது துளைகளின் விளிம்புகள் நிழல் கொண்டு எழுந்து நிற்கும்.

கால்களில் பெரும்பாலும் ஃபீமரை, அதாவது தொடைப் பகுதியைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதன் கீழ்விளிம்பில் பல் உண்டா, பின்காலின் ஃபீமரில் நுனிக்கு அருகே ஒலியெழுப்பும் உராய்வுத் திட்டு உண்டா என்பவை முக்கியம். காலின் நுனியிலுள்ள பாதப் பகுதியான டார்சஸைப் பற்றி அதிகம் இருக்காது. கூன்வண்டின் டார்சஸ் நான்கு கணுக்கள் உடையதுபோல் தோன்றினாலும், இரு மடல்களாகப் பிளந்த மூன்றாம் கணுவுக்குள் மிகச் சிறிய நான்காம் கணு மறைந்திருப்பதால் உண்மையில் அது ஐந்து கணுக்களைக் கொண்டது. இது கூன்வண்டுகளுக்குப் பொதுவான இயல்பு என்பதால் ஒவ்வோர் இனத்துக்கும் திரும்ப எழுதுவதில்லை.

இனி ஆணின் கலவி உறுப்பு. வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இரண்டு இனங்கள் இவ்வுறுப்பில் தெளிவாக வேறுபட்டு நிற்பது வண்டுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் நிலை. பூட்டும் சாவியும்போல் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் பொருந்துவதால் கலப்பு தடுக்கப்படுகிறது என்ற கருத்தை 1844-இல் லியோன் டுஃபூர் முன்வைத்தார். பெண்ணின் தேர்வினால் உண்டாகும் பால்தேர்வே இவ்வுறுப்பை விரைவாக மாறச் செய்கிறது என்று பிற்காலத்தில் பலர் வாதிட்டனர். எக்காரணமாயினும், உடலின் மற்ற பகுதிகளைவிட இது விரைவாக மாறுகிறது என்பதுதான் வகைப்பாட்டாளருக்குப் பயன்படும் செய்தி. அதனால்தான் நீங்கள் படித்த பத்தியில் ஆண்குறியின் பக்கங்கள் இணையாகச் செல்கின்றனவா, நுனி வட்டமானதா கூரியதா, அதன் உட்பையினுள் இருக்கும் கடினமான கடத்து கருவி பல் வடிவத்திலா சாட்டை வடிவத்திலா இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். விந்து வெளிச்செல்லும் வழியில் அமைந்த அக்கருவி இப்பேரினத்தில் இனத்துக்கு இனம் மாறும் சிறந்த அடையாளம்.

வகுப்பில் செய்முறையையும் விளக்க விரும்பினால் அது சுருக்கமாக இவ்வளவுதான். காய்ந்த மாதிரியை வெந்நீரில் இளக்கி, கூரிய இடுக்கியால் வயிற்றைக் கழற்றி, தசையைக் கரைக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட வேண்டும். மரபணு எடுப்பதற்காகவே புரதங்களைச் செரிக்கும் நொதியில் வண்டை ஊறவைத்திருந்தால் தசைகள் அப்போதே கரைந்து, சட்டகம் சேதமின்றி மிஞ்சியிருக்கும். பிறகு மெல்லிய சவ்வுகள் தெரிவதற்காகக் குளோரசால் பிளாக் சாயம் ஏற்றி, கிளிசரின் நிரம்பிய சிறு குப்பியில் உறுப்பை இட்டு, அதே வண்டின் ஊசியிலேயே குத்தி வைப்பார்கள். உடலும் உறுப்பும் பிரிந்துவிட்டால் இரண்டுக்குமே பயன் குறைந்துவிடும்.

பதில்: சருகுத்தளம்

சிறகுறை அவர்கள் கால் மூட்டைப் பற்றிய கேள்வியைத் தொடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது என்பதால் நான் எழுதுகிறேன்.

2011-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகர ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இது. அவர்கள் எடுத்துக்கொண்டது பப்புவாவைச் சேர்ந்த டிரைகோனாப்டெரஸ் ஆப்லாங்கஸ். பூச்சிகளின் காலில், உடலோடு ஒட்டிய முதல் கணுவான காக்ஸாவும் அதற்கடுத்த சிறு கணுவான டிரோகான்டரும் சேரும் இடத்தில் பொதுவாகக் கதவுக்கீல் போன்ற மூட்டு இருக்கும். அது ஒரே தளத்தில் மட்டும் அசையும். இந்தக் கூன்வண்டில் காக்ஸாவின் உட்பரப்பில் 345 பாகை அளவுக்கு மரை சுற்றி ஓடுகிறது. அதற்குள் பொருந்தும் டிரோகான்டரின் வெளிப்பரப்பில் 410 பாகை, அதாவது ஒரு முழுச் சுற்றைத் தாண்டிய திருகுவரி இருக்கிறது. தசை இழுக்கும்போது டிரோகான்டர் மரைக்குள் சுழல்கிறது. முன்கால் ஏறக்குறைய 90 பாகையும் பின்கால் 130 பாகையும் திரும்பக்கூடியவை.

இந்த மூட்டு இத்தனை காலம் உரிய கவனத்தைப் பெறாததற்கு ஒரு காரணம், வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது என்பதுதான். டிரோகான்டரின் திருகுப்பகுதி முழுவதும் காக்ஸாவுக்குள் மறைந்திருக்கிறது. சின்க்ரோட்ரான் என்னும் துகள் முடுக்கியிலிருந்து வரும் எக்ஸ்-கதிரைக் கொண்டு வண்டை வெட்டாமலே அடுக்கடுக்காகப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண உருவாகக் கட்டியெழுப்பியதால்தான் இரண்டு மரைகளும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பார்க்க முடிந்தது. மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டிய உயிரில் இவ்வளவு துல்லியமான மரை இருப்பதை அந்தப் படங்களில் பார்ப்பவர் எவரும் எளிதில் மறக்க மாட்டார். வகுப்பில் அவசியம் காட்டுங்கள்.

இனங்களின் விவரிப்பில் அது இடம்பெறாததற்குக் காரணமும் மேலே சொல்லப்பட்ட அதே தர்க்கம்தான். இந்த அமைப்பு ஆப்லாங்கஸ் இனத்துக்கு மட்டும் உரியதன்று. அந்த ஆய்வாளர்கள் வேறு கூன்வண்டுகளிலும் இதே திருகு மூட்டைக் கண்டார்கள். எல்லா உறவினங்களிலும் இருக்கும் ஓர் உறுப்பு எவ்வளவு வியப்பானதாக இருந்தாலும் இரண்டு இனங்களைப் பிரித்தறிய உதவாது. வண்டின் வாழ்க்கைக்கு ஃபீமரின் கீழ்விளிம்பிலுள்ள சிறு பல்லைவிட இந்த மூட்டு பன்மடங்கு முக்கியமானதாக இருக்கலாம். ஆனாலும் விவரிப்பில் இடம் பெறுவது அந்தப் பல்தான்.

பின்னிறக்கை இல்லாமையும் இதே வகையைச் சேர்ந்தது. இந்தப் பேரினம் பறக்க இயலாதது. பறக்கும் வண்டுகளில் பின்னிறக்கைகளை இயக்கும் பெரிய தசைகள் பின்மார்பில் அமைந்திருக்கும். பறக்கும் திறனை இழந்த வண்டுகளில் பின்மார்பு குறுகி, முன்னிறக்கைகளின் தோள்கள் சரிந்து, உடல் நீள்வட்டமாக மாறுவது வழக்கம். இவ்வண்டுகளின் உருண்டு திரண்ட வடிவத்துக்கும் இதில் பங்குண்டு. பறக்க முடியாத வண்டு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு எளிதில் போய்ச் சேராது; மலைக்கு மலை தனித்தனி இனங்கள் இருப்பதற்கு அதுவும் காரணம். தீண்டினால் கால்களையும் மூக்கையும் ஒடுக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழுந்துவிடும். உங்கள் கட்டுரையின் முகவுரைப் பகுதியில் இவை பேரினத்தின் பொது இயல்புகளாகச் சொல்லப்பட்டிருக்கும். இனங்களின் பத்திகளை மட்டும் படித்தால் கிடைக்காது.

பதில்: வரிக்குறி

இருவருடைய விளக்கங்களும் சிறப்பானவை. ஆயினும் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இவ்வளவு சொற்கள் இனியும் தேவையா?

உங்கள் கட்டுரையை எழுதிய அலெக்சாண்டர் ரீடலும் அவருடன் பணியாற்றியவர்களும் இப்பேரினத்தில் 2013-இல் நியூ கினியிலிருந்து 101 இனங்களையும், 2014-இல் சுமத்ரா, ஜாவா, போர்னியோ அடங்கிய சுந்தா நிலப்பகுதியிலிருந்தும் சிறு சுந்தாத் தீவுகளிலிருந்தும் 98 இனங்களையும், 2019-இல் சுலாவெசியிலிருந்து 103 இனங்களையும் விவரித்தார்கள். மொத்தம் 302. பழைய முறையில் ஒவ்வோர் இனத்துக்கும் பல பக்கங்கள் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. மைட்டோகாண்டிரியாவின் காக்ஸ்1 மரபணுத் துண்டு, தரமான ஒளிப்படங்கள், சுருக்கமான விவரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்ததால்தான் வேகம் கிடைத்தது. அப்படியானால் விவரிப்பையும் விட்டுவிட்டு, மரபணு வரிசையும் படமும் போதும் என்று ஏன் சொல்லக் கூடாது? காடுகள் அழியும் வேகத்தைப் பார்க்கும்போது, பெயர் பெறாமலே மறைந்துபோகும் இனங்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் பிராக்கோனிட் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய இனங்களைப் பெரும்பாலும் மரபணு வரிசையை அடிப்படையாகக் கொண்டே வெளியிட்டார்கள். அது கடும் விவாதத்தைக் கிளப்பியது என்பதை அறிவேன். ஆனாலும் வழி அதுதான் என்று எண்ணுகிறேன்.

மறுமொழி: இளவேனில்_விலங்கியல்

மூவருக்கும் மிக்க நன்றி. நீளத்தை அளக்கும் முறையும் திருகு மூட்டு இடம்பெறாத காரணமும் இப்போது தெளிவாகிவிட்டன. வரிக்குறி அவர்கள் எழுதியதைப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. அடையாளம் ஆணின் உறுப்பில்தான் இருக்கிறது என்றால், பெண் வண்டு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? அப்போது மரபணுவை நம்புவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: சிறகுறை

பெண்ணைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் வரிக்குறி அவர்களின் வாதம் மிக வலுவாக இருக்கும் இடம் அதுதான். ஒரே சருகுக் குவியலிலிருந்து சல்லடையில் சலித்தெடுத்த வண்டுகளில் இரண்டு நெருங்கிய இனங்கள் கலந்திருந்தால், எந்தப் பெண் எந்த ஆணுக்கு உரியது என்பதைப் புறத்தோற்றத்தால் மட்டும் உறுதிப்படுத்துவது பல நேரங்களில் இயலாது. அங்கே காக்ஸ்1 வரிசை பெண்ணை அதன் ஆணுடன் சேர்த்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்த பிறகு அந்தப் பெண்ணை மீண்டும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், முன்பு கண்ணில் படாத துளை அமைப்பு வேறுபாடோ மூக்கின் முகடோ தெரியவரும். புழுப்பருவத்துக்கும் இது பொருந்தும். வளர்ந்த வண்டோடு எந்தத் தோற்ற ஒற்றுமையும் இல்லாத புழுவை அதன் இனத்தோடு இணைக்க மரபணுவைவிட விரைவான வழி இல்லை.

ஆனால் சொற்களை விட்டுவிடலாம் என்பதை நான் ஏற்கவில்லை. விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, 1930-க்குப் பிறகு வெளியிடப்படும் புதிய இனப்பெயருடன், அந்த இனத்தைப் பிரித்தறியும் பண்புகளைச் சொற்களில் கூறும் விவரிப்போ வரையறையோ, அல்லது அத்தகைய கூற்று இருக்கும் வெளியீட்டைச் சுட்டும் மேற்கோளோ இருக்க வேண்டும். 1999-க்குப் பிறகு வெளியாகும் பெயர்களுக்குப் பெயர்தாங்கி மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மரபணு எழுத்துகளையே அத்தகைய சொற்களாகக் கொள்ளலாமா என்பதில்தான் நீங்கள் குறிப்பிட்ட 2021-ஆம் ஆண்டு விவாதம் சுழன்றது. விதி ஒருபுறம் இருக்க, பழைய மாதிரிகளை எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊசியில் குத்தப்பட்ட ஹோலோடைப்புகளில் மரபணு பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். 1885-இல் பெயர் பெற்ற அந்தச் சுலாவெசி இனம் புதிதாகக் கிடைத்தவற்றில் எதனோடு ஒத்திருக்கிறது என்பதை முடிவு செய்ய, சட்டகத்தின் அமைப்பை ஒப்பிடுவதே நேரடியான வழி. புதிய இனங்களைச் சட்டகத்தின் மொழியில் எழுதாமல் விட்டால் பழைய பெயர்களோடு அவற்றை ஒப்பிட முடியாமல் போய்விடும்.

படமும் சொல்லுக்கு ஈடாகாது. ஒரு படத்தில் ஆயிரம் பண்புகள் தெரியலாம். அவற்றில் எது இந்த இனத்துக்கு உரியது, எது இந்த ஒற்றை வண்டுக்கு மட்டும் உரியது என்பதைப் படம் சொல்வதில்லை. முன்னிறக்கையின் ஒரு பகுதியில் செதில்கள் இல்லாமல் இருப்பதைப் படம் காட்டும். அவை தேய்ந்து உதிர்ந்தனவா, இயல்பாகவே இல்லையா என்பதைப் பல மாதிரிகளைப் பார்த்தவர்தான் எழுத முடியும். உங்கள் கட்டுரையில் ஒவ்வோர் இனத்தின் இறுதியிலும் வரும் உள்வேறுபாடு பற்றிய இரண்டு மூன்று வரிகளை மீண்டும் படியுங்கள். நீளம் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை மாறுகிறது, பெண்ணின் மூக்கு எப்படி இருக்கிறது என்பவை அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலானோர் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

வகுப்புக்கு ஒரு யோசனை. 103 இனங்களையும் காட்ட முயலாதீர்கள். ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரண்டு இனங்களை மட்டும் எடுத்து, அவற்றின் பத்திகளை அருகருகே வைத்து, மாறுபடும் சொற்களை மட்டும் வண்ணமிட்டுக் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வருவதாக உங்களுக்குத் தோன்றிய வாக்கியங்களில் ஒவ்வொரு மாற்றமும் வண்டின் உடலில் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று படத்தில் அம்புக்குறி இட்டால் போதும். கடத்து கருவியின் படத்தைக் கட்டாயம் சேருங்கள். முன்னிறக்கைகளின் படத்தில் ஒளி சாய்வாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹோலோடைப் எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது என்ற தகவலையும் விட்டுவிடாதீர்கள்; சுலாவெசி இனங்களுக்கு அது இந்தோனேசியாவின் போகோர் விலங்கியல் அருங்காட்சியகம்.